கல்லூரிக்கு லேப்டாப்: வேகத்தை எங்கே வாங்குவது?

கலந்தாய்வு முடிந்து கல்லூரியில் இடம் உறுதியானதும் வீட்டில் அடுத்த பேச்சு லேப்டாப்தான். கடைக்குப் போனால், “ஐ3 தாங்காது சார், ஐ5 எடுத்துக்கோங்க” என்கிறார் விற்பனையாளர். ஐ7 இல்லாமல் இன்ஜினியரிங் படிக்கவே முடியாது என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். எதுவானாலும் ஆப்பிள்தான் கடைசிவரை உழைக்கும் என்று மாமா போனில் சொல்கிறார். ஐம்பதாயிரமோ அறுபதாயிரமோ எண்ணி வைத்திருக்கும் அப்பாவுக்கு யார் பேச்சைக் கேட்பது என்று குழப்பம்.

மூவர் பேச்சும் ஸ்டிக்கரில் இருக்கும் பெயரைச் சுற்றியே ஓடுகிறது. ஆனால், ஒரு மாணவரின் லேப்டாப் மந்தமாக இருப்பதற்கு ப்ராசஸர் முதல் காரணமாக இருப்பது குறைவு. அன்றாட வேலைகளில் ப்ராசஸர் பெரும்பாலான நேரம் தரவு வந்து சேரக் காத்துக்கொண்டுதான் இருக்கிறது. அது எதற்காக, எங்கே, எவ்வளவு நேரம் காத்திருக்கிறது என்று தெரிந்துகொண்டால், எதற்குப் பணம் கொடுக்கலாம், எதற்குக் கொடுக்கத் தேவையில்லை என்பது தானாகவே விளங்கிவிடும்.

காத்திருப்பின் கணக்கு

3 கிகாஹெர்ட்ஸ் ப்ராசஸர் ஒரு நொடியில் 300 கோடி முறை துடிக்கிறது. ஒரு துடிப்புக்கு ஆகும் நேரம் நானோ நொடியில் மூன்றில் ஒரு பங்கு. சாதாரணக் கூட்டல் ஒன்றை அது ஒரே துடிப்பில் முடித்துவிடும். ஆனால் கூட்ட வேண்டிய எண்கள் ரேமில் இருந்தால் அவற்றை எடுத்துவரச் சுமார் 100 நானோ நொடி பிடிக்கும். எஸ்எஸ்டியில் இருந்தால் சுமார் 100 மைக்ரோ நொடி. பழைய ஹார்டு டிஸ்கில் இருந்தால் 10 மில்லி நொடிக்கும் மேல்.

எண்கள் எல்லாமே சிறியவையாகத் தெரிவதால் வித்தியாசம் மனத்தில் பதியாது. ஒரு துடிப்பை ஒரு நொடியாக நீட்டிக்கொண்டு பாருங்கள். கூட்டலுக்கு ஒரு நொடி. ரேமிலிருந்து எண்ணைக் கொண்டுவர ஐந்து நிமிடம். எஸ்எஸ்டியிலிருந்து கொண்டுவர மூன்றரை நாள். ஹார்டு டிஸ்கிலிருந்து என்றால் ஏறக்குறைய ஒரு வருடம். இந்த அளவுகோலில், ஐ5-க்குப் பதில் ஐ7 வாங்கினால் அந்த ஒரு நொடி முக்கால் நொடியாகலாம். அந்த ஒரு வருடம் அப்படியேதான் இருக்கும்.

ஹார்டு டிஸ்க் ஏன் இவ்வளவு தாமதம்? உள்ளே ஒரு தட்டு சுழல்கிறது. லேப்டாப் டிஸ்குகளில் வழக்கமான வேகம் நிமிடத்துக்கு 5,400 சுற்று, அதாவது நொடிக்கு 90. ஒரு சுற்றுக்கு 11 மில்லி நொடி. வேண்டிய இடம் வாசிப்பு முனைக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். அதற்கு முன் முனையே சரியான தடத்துக்கு நகர வேண்டும். இது இயந்திர அசைவு. மின்சுற்றின் வேகத்தை அதனால் எட்ட முடியாது.

எஸ்எஸ்டியில் அசையும் பாகமே கிடையாது. டிரான்சிஸ்டருக்குள் மின்கடத்தாப் பொருளால் சூழப்பட்ட ஓர் இடத்தில் எலக்ட்ரான்களைச் சிறைவைத்து, அந்த மின்னூட்டத்தின் அளவைத் தரவாகப் படிக்கிறார்கள். மின்சாரம் நின்றாலும் எலக்ட்ரான்கள் அங்கேயே இருக்கும். 1980-களில் டோஷிபா நிறுவனத்தில் ஃபூஜியோ மசுவோகா உருவாக்கிய ஃபிளாஷ் நினைவகம்தான் இது. நம் போனிலும் பென் டிரைவிலும் இருப்பது அதுவே.

புது லேப்டாப்களில் இப்போது எஸ்எஸ்டி வழக்கமாகிவிட்டது. செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்களும், அண்ணன் அக்கா பயன்படுத்திய லேப்டாப்பை எடுத்துக்கொள்பவர்களும்தான் இதைக் கவனிக்க வேண்டும். ஹார்டு டிஸ்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போட்டாலே பல பழைய லேப்டாப்கள் இன்னும் சில ஆண்டுகள் தாராளமாக உழைக்கும்.

எஸ்எஸ்டியிலும் இரண்டு வகை. சாட்டா வகை நொடிக்கு 550 எம்பி அளவில் படிக்கும். என்விஎம்இ வகை 3,500 எம்பியைத் தாண்டும். புதியவை 7,000-ஐயும் தாண்டும். இந்த எண்கள் பெரிய கோப்பு ஒன்றைத் தொடர்ச்சியாகப் படிக்கும்போது கிடைப்பவை. இயங்குதளம் எழும்போதும் மென்பொருள் திறக்கும்போதும் நடப்பது ஏராளமான சிறு சிறு வாசிப்புகள். அங்கே 3,500-க்கும் 7,000-க்கும் உள்ள வேறுபாட்டைக் கண்ணால் கண்டுபிடிப்பது கஷ்டம். வேகமான எஸ்எஸ்டிக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தை அதன் கொள்ளளவுக்குக் கொடுக்கலாம். 256 ஜிபி இரண்டாம் ஆண்டிலேயே நெருக்கும். 512 ஜிபி நான்கு ஆண்டுக்குப் போதும்.

ரேம் நிறைந்தால் என்ன ஆகும்?

ரேமின் ஒவ்வொரு பிட்டும் ஒரு டிரான்சிஸ்டர், ஒரு மின்தேக்கி. ஐபிஎம்-மில் வேலை பார்த்த ராபர்ட் டெனார்டு 1966-இல் யோசித்த வடிவம் அது. இன்றும் அதே தத்துவம்தான். மின்தேக்கியில் இருக்கும் மின்னூட்டம் கசிந்துகொண்டே இருப்பதால், நொடிக்குப் பலமுறை எல்லாவற்றையும் படித்து மறுபடி எழுதியாக வேண்டும். சேமிக்காத அசைன்மென்ட் கரன்ட் போனதும் காணாமல் போவது இதனால்தான்.

நீங்கள் திறந்திருக்கும் ஒவ்வொரு மென்பொருளும் ரேமில் இடம் கேட்கும். 8 ஜிபி லேப்டாப்பில் விண்டோஸ் 11 எழுந்து உட்காரவே ஏறத்தாழ 3 ஜிபி போய்விடும். அடுத்து பிரவுசர். 2018-இல் ஸ்பெக்டர் என்ற ப்ராசஸர் பாதுகாப்புக் குறை வெளியானது. அதன் பிறகு குரோம் வெவ்வேறு இணையதளங்களை வெவ்வேறு தனிச் செயல்களாகப் பிரித்து இயக்க ஆரம்பித்தது. ஒரு தளம் இன்னொரு தளத்தின் ரகசியத்தைப் படிக்க முடியாதபடி காக்கும் ஏற்பாடு இது. அதற்கு விலையாகக் கூடுதல் ரேம் போகிறது. இருபது டேப், ஒரு பிடிஎஃப், ஒரு ஆன்லைன் வகுப்பு, பக்கத்தில் விஎஸ் கோடு என்று திறந்தால் 8 ஜிபி விளிம்பைத் தொட்டுவிடும்.

நிறைந்ததும் இயங்குதளம் என்ன செய்கிறது? ரேமை அது 4 கேபி அளவுள்ள பக்கங்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. கொஞ்ச நேரமாகத் தொடாத பக்கங்களைத் தேர்ந்தெடுத்து எஸ்எஸ்டிக்குத் தள்ளிவிட்டு, காலியான இடத்தைப் புதிதாகக் கேட்டவருக்குக் கொடுக்கிறது. பழைய டேபை நீங்கள் மறுபடி தொட்டதும் வேறெதையோ வெளியே தள்ளி இதை உள்ளே கொண்டுவருகிறது. ஐந்து நிமிட வேலை மூன்றரை நாள் வேலையாக மாறும் இடம் இதுதான். பற்றாக்குறை அதிகமானால், தள்ளுவதும் இழுப்பதுமே முழுநேர வேலையாகிவிடும். மவுஸ் நகரும், கிளிக் வேலை செய்யாது. ‘ஹேங் ஆயிடுச்சு’ என்று நாம் சொல்வது பல நேரம் இந்த நிலையைத்தான். ப்ராசஸர் அப்போதும் சும்மாதான் இருக்கும்.

ஆகவே, கையில் ஐயாயிரம் ரூபாய் மிச்சமிருந்தால் அது முதலில் போக வேண்டிய இடம் ரேம். புரோகிராமிங், டிசைன், டேட்டா தொடர்பான எந்தப் படிப்புக்கும் 16 ஜிபி. ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவை எமுலேட்டருடன் ஓட்ட கூகுளே 16 ஜிபி சொல்கிறது. கலை, வணிகவியல், மொழிப் பாடங்களுக்கு 8 ஜிபியில் தொடங்கலாம். பின்னால் சேர்த்துக்கொள்ள வழி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும்.

அந்த வழியை எப்படித் தெரிந்துகொள்வது? கடையில் காட்சிக்கு வைத்திருக்கும் விண்டோஸ் லேப்டாப்பில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். ‘பெர்ஃபார்மன்ஸ்’ பகுதிக்குப் போய் ‘மெமரி’யைத் தொடுங்கள். ‘ஸ்லாட்ஸ் யூஸ்டு: 1 ஆஃப் 2’ என்று இருந்தால் ஓர் இடம் காலி. பிறகு இன்னொரு 8 ஜிபி வாங்கிச் செருகலாம். இரண்டு குச்சிகள் இருக்கும்போது ப்ராசஸர் இரண்டு பாதைகளில் ஒரே நேரத்தில் தரவு எடுக்கும் என்பது கூடுதல் லாபம். மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் ரேம் தாய்ப்பலகையோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருக்கும். அவற்றில் வாங்கும் அன்று எவ்வளவோ, கடைசிவரை அவ்வளவுதான். டாஸ்க் மேனேஜர் சில மாடல்களில் இதைச் சரியாகக் காட்டாது என்பதால், மாடல் எண்ணை வைத்து நிறுவனத்தின் விவரப் பக்கத்திலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பெயரில் ஒளிந்திருக்கும் ப்ராசஸர்

ஐ7 என்றால் ஐ5-ஐ விட வேகம் என்பது பொதுவாக நம்பப்படுவது. 2022-இல் வந்த இரண்டு இன்டெல் ப்ராசஸர்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று ஐ7-1255யூ. இன்னொன்று ஐ5-12500எச். ப்ராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகளைக் கோர் என்கிறார்கள். முதலாவதில் வேகமான கோர்கள் இரண்டு, சிக்கனமான கோர்கள் எட்டு. இரண்டாவதில் வேகமானவை நான்கு, சிக்கனமானவை எட்டு. முதலாவது 15 வாட் அளவில் இயங்க வடிவமைக்கப்பட்டது. இரண்டாவது 45 வாட். நீண்ட நேரம் ஓடும் கனமான வேலையில் ஐ5 தான் முந்தும். பேட்டரி நீடிப்பிலும் எடைக் குறைவிலும் ஐ7 முந்தும். தகவல் பெயரின் நடுவில் இருக்கும் ஏழிலும் ஐந்திலும் இல்லை. கடைசி எழுத்தில் இருக்கிறது.

ஏஎம்டி-யிலும் இதே கதை. ரைசன் 5 7520யூ, ரைசன் 5 7530யூ. பெயரில் ஓர் இலக்கம்தான் மாறுகிறது. அந்த மூன்றாவது இலக்கம்தான் உள்வடிவமைப்பு எந்தத் தலைமுறை என்று சொல்கிறது. முதலாவது 2019-இல் அறிமுகமான ஜென் 2 வடிவமைப்பு, நான்கு கோர். இரண்டாவது அதற்கு அடுத்த ஜென் 3, ஆறு கோர். இரண்டுக்கும் ஸ்டிக்கர் ஒன்றுதான்: ‘ரைசன் 5’. கடைக்காரர் ‘லேட்டஸ்ட் 7000 சீரிஸ்’ என்று சொன்னால் இரண்டுக்கும் அது உண்மைதான்.

வாட் ஏன் இவ்வளவு முக்கியம்? ப்ராசஸர் தின்னும் மின்திறன், மின்னழுத்தத்தின் இருமடி பெருக்கல் துடிப்பு வேகம் என்ற விகிதத்தில் ஏறும். துடிப்பு வேகத்தைக் கூட்ட வேண்டுமானால் மின்னழுத்தத்தையும் கூட்ட வேண்டும். இரண்டையும் 20 விழுக்காடு ஏற்றினால் மின்திறன் 73 விழுக்காடு ஏறிவிடும். அவ்வளவும் வெப்பமாக வெளியேற வேண்டும். சிறிய விசிறியும் மெல்லிய உடலும் அந்த வெப்பத்தை வெளியே தள்ள முடியாதபோது ப்ராசஸர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மே மாதத்தில், ஃபேன் மட்டும் ஓடும் ஹாஸ்டல் அறையில், மெத்தையின் மேல் வைத்து காற்றுத் துளைகளை அடைத்துவிட்டால், விலை உயர்ந்த ப்ராசஸரும் பாதி வேகத்தில்தான் நடக்கும். ப்ராசஸருக்குச் செலவழித்த பணத்தைக் காப்பாற்ற ஒரு சாதாரண மர மேசை போதும்.

முடிவாக: மூன்று ஆண்டுக்குள் வந்த ஐ5 அல்லது ரைசன் 5 தரத்து ப்ராசஸர் எந்தக் கல்லூரிப் படிப்புக்கும் போதும். ரைசன் என்றால் மூன்றாவது இலக்கத்தையும், எதுவானாலும் கடைசி எழுத்தையும் பார்த்துவிட்டு அந்தப் பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

தனி கிராபிக்ஸ் கார்டு வேண்டுமா என்பதற்கும் படிப்புதான் பதில் சொல்லும். முப்பரிமாண வடிவமைப்பு, கட்டடக்கலை ரெண்டரிங், வீடியோ எடிட்டிங் செய்பவர்களுக்கு வேண்டும். செயற்கை நுண்ணறிவு படிப்பவர்களுக்கு என்விடியா கார்டு இருந்தால், அந்த நிறுவனத்தின் குடா என்ற மென்பொருள் தளம் வழியாக லேப்டாப்பிலேயே சிறு மாடல்களைப் பழக்கலாம். ஆனால் தொடக்கப் பயிற்சிகளுக்குக் கூகுள் கோலேப் பிரவுசரிலேயே ஜிபியூவை, அதாவது கிராபிக்ஸ் ப்ராசஸரை, இலவசமாகத் தருகிறது. மற்றவர்களுக்குத் தனி கார்டு என்பது இரண்டு கிலோவுக்கு மேல் எடை, மூன்று மணி நேரத்தில் தீரும் பேட்டரி, செங்கல் கனத்தில் ஒரு சார்ஜர். கேமிங்குக்காக வேண்டும் என்றால் அதை அப்பாவிடம் நேராகவே சொல்லிவிடுவது நல்லது.

ஒரே ப்ராசஸர், ஒத்துப்போகாத மென்பொருள்

விண்டோஸும் லினக்ஸும் ஒரே லேப்டாப்பில், ஒரே ப்ராசஸர் மேல் ஓடுகின்றன. அப்படியிருந்தும் விண்டோஸுக்கு எழுதிய மென்பொருள் லினக்ஸில் ஏன் திறப்பதில்லை?

மென்பொருள் தானாகக் கூட்டிக் கழிக்கும். ஆனால் கோப்பைத் திறக்கவோ, திரையில் வரையவோ, இணையத்துக்குத் தகவல் அனுப்பவோ அதற்கு நேரடி அனுமதி கிடையாது. ஒவ்வொன்றுக்கும் இயங்குதளத்தின் மையமான கெர்னலிடம் கேட்க வேண்டும். எந்த மென்பொருளுக்கு ப்ராசஸரை எத்தனை மில்லி நொடி தருவது, யாருடைய பக்கத்தை ரேமிலிருந்து வெளியே தள்ளுவது என்று முடிவெடுப்பதும் அந்தக் கெர்னல்தான். கேட்கும் முறை விண்டோஸில் ஒன்று, லினக்ஸில் ஒன்று, மேக்கில் ஒன்று. கூட்டல் ஒன்றாக இருந்தாலும் கேள்வி புரியாததால் மென்பொருள் ஓடுவதில்லை. ஒயின் போன்ற மென்பொருள்கள் விண்டோஸ் கேள்விகளை லினக்ஸ் கேள்விகளாக மாற்றித் தந்து சிலவற்றை ஓட வைக்கின்றன. பெரிய பொறியியல் மென்பொருள்களுக்கு அதை நம்பி இறங்க முடியாது.

எனவே இயங்குதளத்தைத் தேர்ந்தெடுப்பது விருப்பத்தைவிடப் பாடத்திட்டத்தைப் பொறுத்தது. சிவில் மாணவருக்கு ஸ்டாட் புரோ, ஈடாப்ஸ், ரெவிட் வேண்டும், மூன்றும் விண்டோஸில்தான். மெக்கானிக்கலில் சாலிட்வொர்க்ஸ், கிரியோ, அவையும் விண்டோஸ். பி.காம். மாணவருக்கு டாலி, அதுவும் விண்டோஸ். வணிகப் பகுப்பாய்வு படிப்பவர் பவர் பிஐ டெஸ்க்டாப் திறக்க வேண்டுமென்றால் விண்டோஸ். கம்ப்யூட்டர் சயின்ஸில் நிலைமை மாறுகிறது. பைத்தான், ஜாவா, சி, டேட்டாபேஸ் எல்லாம் மூன்று தளத்திலும் கிடைக்கும். லினக்ஸில் அமைத்துக்கொள்வது பெரும்பாலும் எளிது. சிப் வடிவமைப்புப் பக்கம் போகும் எலக்ட்ரானிக்ஸ் மாணவர் கேடன்ஸ் கருவிகளுக்காக லினக்ஸ் கற்றே ஆக வேண்டும். ஐபோன் ஆப் எழுத ஆசைப்பட்டால் மேக் தவிர வழியில்லை.

லினக்ஸின் பிறப்பே ஒரு கல்லூரி மாணவர் கம்ப்யூட்டர் வாங்கிய கதைதான். 1991 ஜனவரியில் ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் இன்டெல் 386 ப்ராசஸர் உள்ள ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். ரேம் 4 எம்பி; இன்றைய 16 ஜிபி லேப்டாப்பில் அதைப்போல் 4,096 மடங்கு இருக்கிறது. அதோடு வந்த இயங்குதளம் அவருக்குப் போதவில்லை. பாடம் நடத்துவதற்காக எழுதப்பட்ட மினிக்ஸைப் போட்டுப் பார்த்தார். அதிலும் குறை இருந்தது. பல்கலைக்கழக யூனிக்ஸ் கம்ப்யூட்டரோடு வீட்டிலிருந்து பேச ஒரு சிறு மென்பொருள் எழுத ஆரம்பித்து, அது வளர்ந்து வளர்ந்து கெர்னலாகிவிட்டது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 25 அன்று உலகுக்கு அறிவித்தபோது அவருக்கு வயது 21. ஆண்ட்ராய்டு போன்களுக்குள் இருப்பது அதே கெர்னல். 2017 நவம்பர் முதல் உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்கள் அத்தனையும் லினக்ஸில்தான் ஓடுகின்றன. வேலைக்குப் போகும் இடத்தில் சர்வர் என்ற ஒன்றைத் தொட்டால் பெரும்பாலும் இதைத்தான் தொடுவீர்கள்.

தமிழ்நாட்டு மாணவர்களுக்கு லினக்ஸ் புதியதும் அல்ல. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கியது அது. 2025-26 நிதிநிலை அறிக்கையில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் என்று தமிழக அரசு அறிவித்தது. அரசு லேப்டாப் கைக்கு வரும் வாய்ப்பு இருப்பவர்கள் அவசரப்பட்டுக் கடன் வாங்க வேண்டியதில்லை.

பழைய லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு லினக்ஸ் இப்போது இன்னொரு காரணத்துக்காகவும் உதவும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய ப்ராசஸரும் வேண்டும். அதற்குத் தகுதி பெறாத நல்ல லேப்டாப்கள் ஏராளம். அவற்றில் உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்றவற்றைப் போட்டால் பாதுகாப்பு அப்டேட்டுகள் தொடர்ந்து வரும்; ரேம் செலவும் குறையும்.

ஆனால் லினக்ஸை மட்டுமே வைத்துக்கொள்வதில் சில இடறல்கள் உண்டு. மைக்ரோசாஃப்ட் ஆபீஸின் டெஸ்க்டாப் பதிப்பு அதில் கிடையாது. அதற்குப் பதிலாகப் பயன்படும் லிப்ரே ஆபீஸில் செய்த ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டைப் பேராசிரியர் வேர்டில் திறக்கும்போது பக்க அமைப்பு சற்றே கலைந்திருக்கலாம். ஆன்லைன் தேர்வுகளுக்கான சேஃப் எக்ஸாம் பிரவுசர் விண்டோஸுக்கும் மேக்குக்கும் இருக்கிறது, லினக்ஸுக்கு இல்லை. கேம்பஸ் இன்டர்வியூ நாளன்று இதைக் கண்டுபிடிப்பது யாருக்கும் வேண்டாம்.

இரண்டையும் வைத்துக்கொள்ள வழி இருக்கிறது. விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸ் கட்டளைகளை இயக்க மைக்ரோசாஃப்ட் டபிள்யூஎஸ்எல் என்ற வசதியைத் தருகிறது. புரோகிராமிங் கற்க இதுவே போதும். 16 ஜிபி ரேம் இருந்தால் தடையில்லாமல் ஓடும். முழு லினக்ஸ் வேண்டும் என்பவர்கள் எஸ்எஸ்டியைப் பிரித்து இரண்டையும் பதியலாம். பிரிப்பதற்கு முன் இரண்டு வேலைகளைக் கட்டாயம் செய்யுங்கள். எல்லாக் கோப்புகளையும் வெளியே ஒரு பிரதி எடுங்கள். பிட்லாக்கர் மீட்புச் சாவியை மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து எடுத்து ஒரு தாளில் எழுதி வையுங்கள். புது விண்டோஸ் லேப்டாப்கள் பலவற்றில் டிஸ்க் தானாகவே குறியாக்கம் செய்யப்பட்டிருக்கும். துவக்க அமைப்பை மாற்றியதும் அது 48 இலக்கச் சாவியைக் கேட்டால், சாவி இல்லாதவருக்கு டிஸ்கில் இருப்பது எதுவும் திரும்பக் கிடைக்காது.

லினக்ஸ் கற்க ஆங்கிலம் தடையாக இருக்க வேண்டியதில்லை. ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில் லினக்ஸ், லிப்ரே ஆபீஸ், பைத்தான் பாடங்கள் தமிழ்க் குரலில் கிடைக்கின்றன. 2012 முதல் கணியம் குழுவினர் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழிலேயே எழுதிவருகிறார்கள். மேட்லேப் வாங்க முடியாதவர்கள் சைலேப் பயன்படுத்தலாம். இத்தகைய கட்டற்ற மென்பொருள்களைக் கல்லூரிகளுக்குக் கொண்டுசெல்லவே ஐஐடி பம்பாயில் ஃபோசி என்ற திட்டம் இயங்குகிறது.

மேக் பற்றி மாமா சொன்னதிலும் உண்மை இருக்கிறது. 2020 நவம்பரில் ஆப்பிள் தன் சொந்த எம்1 சிப்புக்கு மாறிய பிறகு, குறைந்த மின்சாரத்தில் அதிக வேலை என்ற கணக்கில் மேக்புக் ஏர் முன்னே நிற்கிறது. அதில் விசிறியே கிடையாது. பேட்டரி ஒரு முழுக் கல்லூரி நாளைத் தாண்டும். கம்ப்யூட்டர் சயின்ஸ், ஊடகம், இசை படிப்பவர்களுக்குப் பொருந்தும். ஆனால் ரேமைப் பிறகு கூட்ட முடியாது. குடா ஓடாது. சிவில், மெக்கானிக்கல் மாணவர்கள் மேக் வாங்கினால் ஆண்டு முழுதும் லேப் கம்ப்யூட்டரையே நம்பியிருக்க வேண்டிவரும். ஸ்னாப்டிராகன் எக்ஸ் சிப் உள்ள விண்டோஸ் லேப்டாப்களிலும் ஒரு கவனம் தேவை. அவை ஆர்ம் வகை ப்ராசஸர்கள். இன்டெல், ஏஎம்டி ப்ராசஸர்களுக்கு எழுதிய வழக்கமான விண்டோஸ் மென்பொருள்களை மொழிமாற்றி ஓட்டும்; ஆனால் டிரைவர்களை அப்படி ஓட்ட முடியாது. லேப் கருவி எதையாவது யூஎஸ்பியில் இணைக்க வேண்டிய படிப்பு என்றால் ஒதுக்கிவிடுங்கள்.

கடைக்குள் நுழையும் முன்

பேட்டரியை எத்தனை மணி நேரம் என்று கேட்காதீர்கள். எத்தனை வாட்-அவர் என்று கேளுங்கள். 50 வாட்-அவர் பேட்டரி, சராசரியாக 10 வாட் இழுக்கும் லேப்டாப்பை ஐந்து மணி நேரம் ஓட்டும். பேட்டரி முழுக்க நிறைந்த நிலையில் சூட்டில் கிடந்தால் உள்ளே வேண்டாத வேதிவினைகள் பெருகி ஆயுள் குறையும். எப்போதும் சார்ஜரிலேயே வைத்திருப்பவர்கள் 80 விழுக்காட்டில் நிறுத்தும் வசதியை இயக்கிவிடுங்கள். ஏறக்குறைய எல்லா நிறுவனங்களும் அதைத் தருகின்றன.

திரையில் ஐபிஎஸ் வகையா என்று பாருங்கள். பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாது. வெளிச்சம் 300 நிட்ஸ் இருந்தால் ஜன்னலோர வகுப்பிலும் படிக்கலாம். டைப்-சி வழியாக சார்ஜ் ஆகுமா என்று கேளுங்கள். எடை ஒன்றரை, ஒன்றேமுக்கால் கிலோவுக்குள் இருந்தால் பஸ்ஸில் போய்வருபவரின் தோள் தப்பிக்கும். சர்வீஸ் சென்டர் உங்கள் ஊரில் இருப்பதைவிடக் கல்லூரி இருக்கும் ஊரில் இருப்பது முக்கியம்.

விலை குறைவாக ‘டாஸ்’ லேப்டாப் என்று விற்பார்கள். அதில் விண்டோஸ் இருக்காது. லினக்ஸ் போடப் போகிறவருக்கு அது நல்ல பேரம். விண்டோஸ் வேண்டுமென்றால் உரிமத்தோடு வருவதையே வாங்குங்கள். ‘நாங்களே எல்லாம் போட்டுத் தர்றோம்’ என்று கடையில் ஏற்றித் தரும் கிராக் விண்டோஸையும் ஆபீஸையும் ஏற்காதீர்கள். உரிமத்தை உடைக்கும் அந்தச் சிறு மென்பொருளுக்கு உங்கள் லேப்டாப்பின் முழு அதிகாரமும் கொடுக்கப்படுகிறது. அது பின்னணியில் வேறென்ன செய்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. பல கல்லூரிகளின் மின்னஞ்சல் முகவரிக்கு ஆபீஸ் இணையப் பதிப்பு இலவசமாகவே கிடைக்கிறது.

2025 இறுதியிலிருந்து செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை அள்ளிக்கொண்டு போவதால் ரேம், எஸ்எஸ்டி விலை ஏறியிருக்கிறது. ரேமைக் குறைத்து, ப்ராசஸர் பெயரைப் பெரிதாகப் போட்டு அதே விலைக்கு விற்கும் மாடல்கள் கடையில் நிறைய வரும். அவற்றைத் தவிர்த்துவிடுங்கள்.

முதல் ஆண்டுப் பாடங்களுக்குப் பெரும்பாலான துறைகளில் எந்தக் கனமான மென்பொருளும் தேவைப்படாது. கல்லூரி திறந்து, அதே துறையில் மூன்றாம் ஆண்டு படிக்கும் அண்ணன், அக்கா யாரிடமாவது “லேபில் என்ன மென்பொருள் ஓட்டுகிறீர்கள்?” என்று கேட்டுவிட்டு வாங்கினாலும் தாமதமாகிவிடாது. அந்தப் பதிலில் இயங்குதளம் முடிவாகிவிடும். அதன் பிறகு 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, கூட்டிக்கொள்ள ஒரு காலி ஸ்லாட். இவை மூன்றும் பட்ஜெட்டுக்குள் வந்த பின் பணம் மிச்சமிருந்தால் மட்டும் ப்ராசஸர் ஸ்டிக்கரைப் பாருங்கள்.